லைசென்ஸில் இருந்தது அம்மா பெயர்

எங்கள் வீட்டு பீரோவில், பட்டாவுக்கும் நகைச்சீட்டு அட்டைக்கும் நடுவே ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் லேமினேட் செய்த ஐந்து காகிதங்கள். ஐந்திலும் அம்மாவின் பாஸ்போர்ட் சைஸ் படம். முதலாவதில் தலை முழுக்கக் கறுப்பு, ஐந்தாவதில் வகிடு நெடுக நரை. 2002, 2005, 2008, 2011, 2014. ஆயுள் காப்பீட்டு முகவர் லைசென்ஸ். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆறாவது ஒன்று 2017-ல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதற்குள் லைசென்ஸ் என்கிற ஏற்பாடே நாட்டில் இல்லாமல் போய்விட்டது.

முதல் மூன்று வருடம் அந்த லைசென்ஸுக்கும் அம்மாவுக்கும் பெரிய உறவு ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் வேலை பார்த்தது அப்பா.

அப்பா மாயவரம் ஜங்ஷனில் ரயில்வே குமாஸ்தா. ஸ்டேஷனில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. கேங்மேன், பாயின்ட்ஸ்மேன், டிக்கெட் கவுன்டர், பார்சல் ஆபீஸ், கேன்டீன் வரை எல்லோருக்கும் லோன் ஃபார்ம், பி.எஃப். ஃபார்ம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். இப்படி ஒருவரைப் பார்த்தால் ஏஜென்ட் சேர்க்கும் எந்த இன்சூரன்ஸ் டெவலப்மென்ட் ஆபீசருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வந்தார், காப்பி குடித்தார், "சார், உங்க வீட்டம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். பிளஸ் டூ என்றார் அப்பா. "போதும் சார்."

அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 2000-ல் வந்த விதிகளின்படி, ஐயாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர் என்றால் முகவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். அதைவிடச் சின்ன ஊர் என்றால் பத்தாவது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் படிப்பைத் தீர்மானித்த விதி இது. அப்பா ஏன் தன் பெயரில் எடுக்கவில்லை என்று கேட்டால், எடுக்க முடியாது. அரசு ஊழியர் வேறு தொழில் செய்யக் கூடாது. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆம் விதி அதற்கு மேலும் ஒருபடி போகிறது: மனைவியோ குடும்பத்தாரோ நடத்தும் காப்பீட்டு ஏஜென்சிக்காக ஊழியர் ஆள் பிடித்துக் கொடுத்தால் அதுவும் விதிமீறல்தான். விதியை எழுதியவருக்கு எங்கள் வீடு மாதிரி எத்தனை வீடு தெரிந்திருந்தால் இன்சூரன்ஸ் என்ற சொல்லையே எடுத்துப் போட்டு எழுதியிருப்பார்! ஆனாலும் மாயவரத்தில் அந்தக் காலத்தில் வாத்தியார் மனைவி, பேங்க் கிளார்க் மனைவி, தாலுகா ஆபீஸ்காரர் மாமியார் என்று பாதி ஏஜென்சி இப்படித்தான் ஓடியது. பினாமி ஏஜென்சி என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வீட்டுக்காரம்மா பேர்ல போட்டிருக்கு" என்பார்கள்.

ஆனால் பயிற்சிக்கு வீட்டுக்காரம்மாதான் போக வேண்டும். 100 மணி நேரம்.

அம்மா போனாள். மூன்று நான்கு வாரம். காலை சமையலை முடித்து, எனக்கும் தங்கைக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் போய் உட்கார்ந்தாள். நாற்பது பேரில் முப்பது பேர் பெண்கள். பாதிப் பேர் நோட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அம்மா குறிப்பெடுத்தாள். ராத்திரி எங்கள் ஹோம்வொர்க் நேரத்தில் அவளும் உட்கார்ந்து படிப்பாள். 'உச்சபட்ச நல்லெண்ணம்' என்று புத்தகத்தில் ஒரு பாடம். காப்பீடு கேட்பவர் தனக்குத் தெரிந்த எதையும் மறைக்கக் கூடாது, கம்பெனியும் மறைக்கக் கூடாது. மற்ற வியாபாரத்தில் வாங்குபவன் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும், இதில் அப்படியில்லை. அம்மா இதை அப்பாவிடம் வியப்போடு சொன்னது நினைவிருக்கிறது. "இந்தாங்க, சரக்கு யார்கிட்ட இருக்குன்னா, வாங்க வர்றவன்கிட்டதானாம். அவன் உடம்புதானே சரக்கு!" அப்பா செய்தித்தாளை இறக்காமலேயே, "பரீட்சைக்கு அது வந்தா எழுதிடு" என்றார்.

பரீட்சையில் அம்மா பாஸ். லைசென்ஸ் வந்தது. அப்பா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாளிலிருந்து கறுப்பு ரெக்சின் பையில், பாலிசி கேட்டு எழுதித் தரும் ப்ரொப்போசல் ஃபார்ம்களோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். "வேலைய நான் பாத்துக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

இந்த இடத்தில் காசுக் கணக்கைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டம் முகவர் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்திருந்தது: முதல் வருட பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, இரண்டாம் மூன்றாம் வருடத்தில் ஏழரை, அதற்குப் பிறகு ஐந்து. முதல் வருடம்தான் அறுவடை. அதனால்தான் மார்ச் குளோசிங்கில் ஏஜென்ட்கள் கல்யாண வீட்டுக்காரர்களைப் போல அலைவார்கள். அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு, அந்தக் கமிஷனிலிருந்து பாலிசிதாரருக்கு ஒரு பைசா திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறது. ப்ரொப்போசல் ஃபார்மிலேயே அச்சிட்டிருக்கும். மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை. 2015 வரைக்கும் அந்த 500 ரூபாய்தான். முதல் தவணையை ஏஜென்டே கட்டிக் கொடுப்பது என்பது எங்கள் ஊரில் சீர் செய்வது போன்ற வழக்கம். கொடுக்காத ஏஜென்டைக் கஞ்சன் என்பார்கள். அப்பா கஞ்சன் இல்லை.

பாயின்ட்ஸ்மேன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தது 2003 ஆகஸ்டில். எங்களுக்கு அவர் பெயர் தெரியும், ஆனாலும் 'பாயின்ட்ஸ்மேன் அண்ணன்'தான். நாற்பத்தோரு வயது. ஒரு லட்சம் பாலிசி, பிரீமியம் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம். மெடிக்கல் கிடையாது, சம்பளக்காரர் என்பதால் ஃபார்மில் எழுதுவதே போதும். திண்ணையில் உட்கார்ந்து அப்பா கேள்விகளைப் படிக்கப் படிக்க அவர் பதில் சொன்னார். நீரிழிவு உண்டா என்ற இடத்தில், "சுகர் மாத்திரை போடறேனே சார், ரெண்டு வருஷமா" என்றார். அப்பா ஒரு நொடி பேனாவைத் தூக்கினார். "போட்டா லேட்டாகும்ப்பா. டாக்டர் கிட்ட அனுப்புவான், டெஸ்டும்பான். உனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கே." 'இல்லை' என்று எழுதினார். நான் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினைந்து வயது. அது ஒரு பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. ரயில்வே பாஸில் என் வயதை ஒருமுறை குறைத்து எழுதியது மாதிரி இன்னொன்று என்று நினைத்தேன்.

ஃபார்மோடு முகவரின் ரகசிய அறிக்கை என்று ஒரு தாள் போகும். இவரை எனக்கு இத்தனை நாளாகத் தெரியும், நேரில் பார்த்தேன், ஆரோக்கியமாகத் தெரிகிறார் என்று முகவர் எழுதித் தருவது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் அவரை நேரில் பார்த்திருந்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தபோது.

2005 ஜனவரியில் பாயின்ட்ஸ்மேன் அண்ணன் இறந்துபோனார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் கெட்டு. பாலிசிக்குப் பதினேழு மாதம்.

இப்படி சீக்கிரம் வரும் கிளெய்மை எந்தக் கம்பெனியும் விசாரிக்காமல் விடாது. அப்போதைய சட்டத்தின் 45-ஆம் பிரிவில் இரண்டு வருடக் கணக்கு. அதற்குள் என்றால், ஃபார்மில் சொன்னது தவறு என்று காட்டிக் கம்பெனி கைவிரிக்கலாம். அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். ரயில்வே ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் சுகர் மாத்திரை வரிசையாக இருந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் சட்டப்படி செய்யக்கூடியதைத்தான் செய்தார்கள். இறந்தவர் உண்மையை மறைத்தார் என்று கடிதத்தில் இருந்தது. அவர் மறைக்கவில்லை என்பது எங்கள் திண்ணைக்குத் தெரியும்.

அண்ணி கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே பத்து வயதுப் பையன். அப்பா டியூட்டியில் இருந்தார். அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பாலிசிப் பத்திரத்தில் ஏஜென்ட் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள். நேராக அம்மாவிடம், "அக்கா, நீங்கதான் ஏஜென்ட்டாமே. எனக்கு இத்தனை நாளாத் தெரியாம போச்சே. அவரு மறைச்சாருன்னு போட்டிருக்காம். நீங்க கேட்டப்ப சொல்லலையாக்கா?" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அம்மா பதில் சொல்லவில்லை. உட்காரவைத்துச் சோறு போட்டாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை. சத்தம் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். மறுநாள் டெவலப்மென்ட் ஆபீசர் வந்து, "எர்லி கிளெய்ம்னா இதெல்லாம் சகஜம்மா, நீங்க எதுவும் எழுதிக் கொடுத்துடாதீங்க, ஏஜென்சி போயிடும்" என்றார். அப்பாவும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார்: தன் வேலை போய்விடும்.

அம்மா டப்பாவிலிருந்து பயிற்சி நோட்டை எடுத்தாள். விதிகளில் முகவருக்கு ஒரு நடத்தை நெறி உண்டு. பயிற்சியில் அதை வரிவரியாக எழுதவைத்திருந்தார்கள். லைசென்ஸைக் கேட்டால் காட்ட வேண்டும். கமிஷன் எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்த பாதகமான விஷயத்தைக் கம்பெனியிடம் சொல்ல வேண்டும். முக்கியமான தகவலை விட்டுவிடும்படி வாடிக்கையாளரைத் தூண்டக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே அவளே நீல மையில் கோடு போட்டிருந்தாள், 2002-ல், பரீட்சைக்கு வரும் என்று.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில். அண்ணியால் தனியாகப் போக முடியாது. அம்மா கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் குடும்பத்தில் அப்பா இல்லாமல் அம்மா சென்னைக்குப் போனது அதுதான் முதல் தடவை. அப்பாவின் ரயில்வே பாஸை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே என்ன பேசினாள் என்பதை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுதினது என் வீட்டுக்காரர், கையெழுத்து என்னது, சுகர் இருக்குன்னு அவர் சொன்னார், நாங்கதான் எழுதல. மூன்று வாக்கியம். கருணைத் தொகையாக ஒரு பங்கு கிடைத்தது. முழு லட்சம் இல்லை, பாதிகூட இல்லை. கட்டிய பிரீமியத்தைவிட அதிகம், அவ்வளவுதான். பாக்கி எவ்வளவு என்று அம்மா ஒரு கணக்குப் போட்டாள். அப்பா ரிட்டயர்டாகிப் பணம் வந்த அன்று அந்தக் கணக்கு எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது.

அந்த வருடம்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கும் வருடமும். இருபத்தைந்து மணி நேரம் மறுபயிற்சி. விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா பயிற்சிக்குப் போனாள். இரண்டாவது லேமினேஷனைத் தானே போய் 10 ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டு வந்தாள், ரெக்சின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "இனிமே ஸ்டேஷன் பக்கம் யார்கிட்டயும் நீங்க இன்சூரன்ஸ்னு வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். அப்பா திறக்கவில்லை. அடுத்த வருடம் பிசினஸ் மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாக வேண்டும், அதை எட்டவே திண்டாடினாள். தெருவில் காய்கறிக்காரம்மா, சத்துணவு ஆயா, டெய்லர் என்று ஆள் மாறியது. உடல்நலக் கேள்விகள் வரும் பக்கத்தை மட்டும் அவள் எழுத மாட்டாள். பேனாவை எதிரில் இருப்பவரிடம் நீட்டுவாள். எழுதத் தெரியாதவர் என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு எழுதவைப்பாள். ஒரு ஃபார்மில் ஆறாம் வகுப்புப் பெண் 'ஆஸ்துமா' என்பதற்குப் பதில் 'ஆத்துமா உண்டு' என்று எழுதிக் கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டு வந்தது.

என் தங்கை கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு 2017-ல் அவளும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனாள். ரத்தம் என்று சிரித்தோம். ஆயுள் காப்பீட்டுக்கு இருபது மணி நேரப் படிப்பு, சட்டமும் நெறியும் தனியாகப் பன்னிரண்டு மணி நேரம், பரீட்சை, கைரேகை. கைரேகை எடுத்துப் போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பார்களாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 24 மணி நேரம் தொடர்படிப்பு. அவள் விசிட்டிங் கார்டை வாட்ஸாப்பில் அனுப்பினாள். அதில் லைசென்ஸ் எண் போட்டிருந்தது, போன் நம்பர் எந்த அளவு எழுத்தோ அதே அளவில். அதைவிடச் சின்னதாகப் போடக் கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் மாநில இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்தில் அவள்மீது நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்க்கலாம். அம்மா போனைப் பெரிதாக்கி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட பதினாலு வருஷத்துல ஒருத்தர்கூட லைசென்ஸக் காட்டுன்னு கேக்கலடி."

அமெரிக்காவில் இதை மத்திய அரசு கவனிப்பதில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. அதற்குப் பின்னாலும் ஒரு ஏஜென்ட்தான் இருக்கிறார் என்று தங்கை சொன்னாள். 1860-களில் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரில் சாமுவேல் பால் என்பவர் நியூயார்க் தீவிபத்துக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஏஜென்ட். வெளிமாநிலக் கம்பெனி என்றால் வர்ஜீனியாவில் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும்; கட்டாததால் அவருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. மனிதர் அப்படியும் ஒரு பாலிசியை விற்றார். 50 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். காப்பீட்டு ஒப்பந்தம் என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல, ஆகவே மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு. 1944-ல் அதே நீதிமன்றம் அதை மாற்றிச் சொன்னது. மறுவருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மெக்காரன்–ஃபர்குசன் சட்டத்தைப் போட்டு அதிகாரத்தை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தது. 50 டாலர் அபராதத்தில் தொடங்கிய வழக்கின் நிழல் என் தங்கையின் விசிட்டிங் கார்டு வரை விழுந்திருக்கிறது. பக்கத்து மாநிலமான நெவாடாவில் இருக்கும் சித்தி பெண்ணுக்கு ஒரு பாலிசி விற்க வேண்டும் என்றால் அவள் அங்கேயும் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொன்னாள், அதைக் கேட்டு அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. கமிஷனைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களிலும் குற்றம்தான், ஆனால் கலிஃபோர்னியாவில் 1988-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். உன் கமிஷன், நீ விட்டுக் கொடுத்தால் வாங்குகிறவனுக்கு லாபம்தானே என்பது வாதம். அப்பா அந்த நேரத்தில் கூடத்தில்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் கலிஃபோர்னியாவுல பொறந்திருக்கணும்" என்றார். அந்த விஷயத்தில் அப்பா பேசி, அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆறாவது லைசென்ஸ் ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். 2015-ல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை 42-ஆம் பிரிவின் கீழ் முகவருக்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் இருந்தது. அது 2000 முதல் இயங்கும் அமைப்பு, தலைமையகம் ஹைதராபாத்தில். கையெழுத்திட்டது கம்பெனி அதிகாரியே என்றாலும் ஆணையத்தின் பெயரால் கையெழுத்திட்டார். திருத்தத்துக்குப் பிறகு கம்பெனியே முகவரை நியமித்துக்கொள்ளலாம், லைசென்ஸ் வேண்டாம். 2016 ஏப்ரல் 1 முதல் நியமன விதிகள் நடப்புக்கு வந்தன. பரீட்சை இருக்கிறது, பத்தாவது படித்திருந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம், நூற்றுக்கு முப்பத்தைந்து தேர்ச்சி. பயிற்சி 100 மணி நேரம் என்பது 2007-லேயே 50 ஆகி, பிறகு இன்னும் தேய்ந்தது. ஒரு முகவர் ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆயுளில் இரண்டு கூடாது.

இதை வெறும் தளர்த்தல் என்று சொல்ல முடியாது. அதே திருத்தம், முகவர் செய்கிற, செய்யாமல் விடுகிற எல்லாவற்றுக்கும் கம்பெனியே பொறுப்பு என்றது. நடத்தை நெறி மீறப்பட்டால் கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். 41-ஆம் பிரிவின் 500 ரூபாய், பத்து லட்சம் ஆனது. 45-ஆம் பிரிவில் இரண்டு வருடம் மூன்றாக நீண்டது, ஆனால் மூன்று முடிந்தால் எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, மோசடி என்றுகூட. காகிதத்தில் பார்த்தால் பாலிசிதாரருக்கு நல்லதுதான். முகவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், ஒவ்வொருவர் பின்னாலும் ஹைதராபாத்திலிருந்து ஆள் போக முடியாது, கம்பெனியைப் பிடித்தால் கம்பெனி ஏஜென்டைப் பிடிக்கும் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது.

லைசென்ஸ் இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2000-களின் நடுவில், பிரீமியத்தைப் பங்குச் சந்தையில் போடும் யூலிப் பாலிசிகளை விற்றவர்கள் எல்லோரிடமும் லைசென்ஸ் இருந்தது. "மூணு வருஷம் கட்டினா போதும், அப்பறம் தானா வளரும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாம் வருடம் போய்க் கேட்டபோது கட்டணம் போக மிச்சத்தைப் பார்த்து எங்கள் தெரு டெய்லர் மெஷினை விற்கப் பார்த்தார். 2010 செப்டம்பரில் ஆணையம் கட்டணங்களுக்கு வரம்பு வைத்து, பணத்தை எடுக்க முடியாத மூன்று வருடப் பூட்டை ஐந்தாக்கியது. அதைத் திருத்தியது கட்டணத்தில் கை வைத்த விதி. லைசென்ஸைப் பறித்து யாரும் திருத்தவில்லை.

அப்படியும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அண்ணி அன்று அம்மாவைத் தேடி வந்தது, பத்திரத்தில் ஒரு பெயர் இருந்ததால். பெயர் இப்போதும் பத்திரத்தில் இருக்கிறது, ஏஜென்ட் கோட் எண்ணோடு. ஆனால் அம்மா சென்னைக்கு ரயில் ஏறியதற்குக் காரணம் அந்தக் காகிதம் கம்பெனி கொடுத்தது என்று அவள் நினைக்காததுதான். "அது கவர்மென்ட்டு குடுத்ததுடி. ஊருக்கு நான் பதில் சொல்லணும்னு குடுத்தது" என்பாள். சட்டப்படி இது எவ்வளவு தூரம் சரி என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும். 2017-ல் கம்பெனியிலிருந்து நியமனக் கடிதம் ஒன்று வந்தது. ஏ4 தாள். அம்மா அதை லேமினேட் செய்யவில்லை, டப்பாவிலும் போடவில்லை, கரன்ட் பில் ஃபைலில் செருகி வைத்தாள். இரண்டு வருடம் ஓட்டினாள், பிறகு புது பிசினஸை நிறுத்திக்கொண்டாள். பழைய பாலிசிகளின் ரினியூவல் கமிஷன் இன்றும் சின்னச் சின்னத் தொகையாக வருகிறது. காய்கறிக்காரம்மா கட்டும்போது முப்பது ரூபாய், சத்துணவு ஆயா கட்டும்போது நாற்பத்திரண்டு.

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு ஒரு பாலிசி எடுத்தோம். அவருக்கு நாற்பத்தாறு வயது, நான்கு வருடமாகச் சுகர். ஏஜென்ட் பையனுக்கு இருபத்திநாலு இருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல், கையில் டேப்லெட்டோடு வந்தான். நல்ல பையன். மதிய நேரம் என்பதால் அம்மா மோர் கொடுத்தாள். கமிஷன் எவ்வளவு என்று கேட்கலாமா என்று நான் யோசித்து, கேட்டேன். சட்டப்படி அவன் சொல்ல வேண்டும். 2023-லிருந்து பாலிசிவாரியான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், கம்பெனியின் மொத்தச் செலவு வரம்புக்குள் எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, அதெல்லாம் பாத்துக்கலாம், உங்களுக்கு முதல் பிரீமியத்துல ஏதாவது பண்ணித் தரேன்" என்றான். நான் அவன் சம்பளத்தைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

ஆதார், பான், நாமினி எல்லாம் முடிந்தது. அடுத்த திரையில் உடல்நலக் கேள்விகள் வரிசையாக வந்தன. பையனின் கட்டைவிரல் வலது பக்கத்து 'இல்லை'களின் மேல் மேலிருந்து கீழாக இறங்கியது, நாலு நொடிகூட ஆகியிருக்காது. என் வீட்டுக்காரரின் போன் ஒலித்தது. "ஓ.டி.பி. வந்திருக்கும் சார், சொல்லுங்க."

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். அறுபத்தெட்டு வயது, மூட்டு வலி, மெதுவாகத்தான் வருவாள்.

"தம்பி, இவருக்குச் சுகர் இருக்கு."

"தெரியும்மா. சார் சொன்னாரு. போட்டா லேட்டாகும்மா, மெடிக்கல் அது இதும்பாங்க."

கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. பையனின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி, கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, திரையை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"எங்க அழுத்தணும்னு நீங்களே பாத்து அழுத்துங்க, மாப்ள. ஓ.டி.பி.ய அப்பறம் சொல்லலாம்."